கரையிறங்கும் முறை

இரண்டு விஷயங்களை அடுத்தடுத்து வைத்துத் தொடங்குகிறேன். 1990-ம் வருஷம் பிரான்ஸின் ஸான் நஸேர் கப்பல் கட்டும் தளத்திலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் வெளிவந்தது. நார்டிக் எம்ப்ரஸ் என்று பெயர். மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நாள், நான்கு நாள் போய்வருவதற்காகக் கட்டியது. அதே 1990 ஜூன் மாத நடுவில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறையையும் அதைச் சுற்றிய வலிகாமம் வடக்குக் கிராமங்களையும் விட்டு ஜனங்கள் வெளியேறினார்கள். இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று கதவைச் சாத்திவிட்டுப் போனவர்களே அதிகம். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கப்பல் கை மாறி, பெயர் மாறி, 2020 கடைசியில் ஓர் இந்தியக் கம்பெனிக்கு வந்து, 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2023 ஜூன் நடுவில், அம்பாந்தோட்டை, திருகோணமலை என்று சுற்றி, காங்கேசன்துறைக்குப் பயணிகளைக் கொண்டுபோய்க் காட்டியது. அந்தத் துறையில் புதிதாகக் கட்டிய பயணிகள் முனையம் இந்த வருகையை ஒட்டித்தான் திறக்கப்பட்டது.

தற்செயல்களுக்கு அர்த்தம் கற்பிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அது நம் சிறுகதைகளில் வேண்டிய அளவுக்கு நடக்கிறது. கப்பலும் ஊரும் ஒரே வருஷத்தில் தங்கள் வாழ்க்கையைத் தொடங்கியதும் இழந்ததும் ஒன்றையும் நிரூபிப்பதில்லை. ஆனால் முப்பத்து மூன்று வருஷம் கழித்து அந்தக் கப்பலிலிருந்து இந்தக் கரையில் கால் வைக்கிற ஒருவன் அந்த நிமிஷத்தில் என்ன காரியம் செய்கிறான் என்ற கேள்வி தற்செயலானதல்ல. அவன் செய்வது சரியா தப்பா என்று கேட்க முடியுமா, அல்லது சரி தப்புக்கு அப்பாற்பட்ட, குடை பிடித்துக்கொள்வது போன்ற ஒரு சின்னச் செயலா அது? உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இந்தக் கடலை தினமும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு முறை பார்க்கிறவன் என்ற அளவில், இந்தக் கேள்வியைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

நம் நண்பர் ஒருவர், இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவர்தான், அந்த உலாவில் போய்வந்தார். மகனோ மருமகனோ டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்தவரிடம், ‘எத்தனை மணி நேரம் கரையிலே?’ என்று கேட்டேன். காலையில் இறங்கி மாலையில் ஏறிவிட்டதாகச் சொன்னார். பஸ்ஸில் கொண்டுபோய்க் காட்டினார்களாம். கோயில், கோட்டை, ஒரு கடை. பனங்கட்டிப் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். ‘நீங்க மார்கழியிலே ஆருத்ராவுக்கு மங்கை கோயில்லே வரிசையிலே நின்னு, அரை நிமிஷம் பாத்துட்டு வரீங்களே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்யாசம்? நானாவது பகல் முழுக்க இருந்தேன்’ என்றார். நல்ல கேள்வி. அவருக்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடுவதுதான்.

முதலில், பொதுவாக டூரிஸ்டுகள்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளைக் கழித்துவிட வேண்டும். அவன் அறியாமையோடு வருகிறான் என்பார்கள். நம் நண்பர் அறியாமையோடு போகவில்லை. 1981-ல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றியும், காங்கேசன் சிமெண்டு ஆலையைப் பற்றியும், யாழ்தேவி ரயில் 1990-ல் நின்று 2015-ல் மறுபடி காங்கேசன்துறை வரை போனதைப் பற்றியும் என்னைவிட நன்றாகவே அறிந்தவர். அறிவு அவர் காலடியை ஒரு அங்குலமும் மாற்றவில்லை. குறைந்த நேரம் தங்குகிறான் என்பது அடுத்த குற்றச்சாட்டு. குறைந்த நேரம் ஒரு குற்றமானால் டாக்டரும் தபால்காரரும் குற்றவாளிகள். சில ஊர்களை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்ட கண்களும் உண்டு. நாற்பது வருஷம் குடியிருந்தும் பார்க்காத கண்கள் எங்கள் தெருவிலேயே நிறைய. பணத்தைக் கொண்டு வருகிறானே என்பது எதிர்க்கட்சி வாதம். ஆட்டோக்காரர் அன்றைக்கு நாலு காசு பார்த்திருப்பார், இதை இளக்காரமாகப் பேச நமக்கு யோக்யதை கிடையாது. ஆனால் காசு தார்மீகக் கேள்வியைத் தீர்த்துவிடுவதாக யாரும் தங்கள் வீட்டு விஷயத்தில் ஒப்புக்கொள்வதில்லை.

இவற்றையெல்லாம் கழித்தபின் மிஞ்சுவது எது? திரும்புதல் என்று நினைக்கிறேன். உல்லாசக் கப்பலில் முதலில் விற்கப்படுவது திரும்பி வருவதுதான். போகும் ஊர் பிறகு. கடல் கொந்தளித்தால் ஊரையே விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். டிக்கெட்டின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் அப்படித்தான் இருக்கும். படுக்கையும் சோறும் வெள்ளைத் துண்டும் கூடவே மிதந்து வருகின்றன. ஆக, இறங்குகிறவன் தன் தரையைத் தானே சுமந்துகொண்டு இறங்குகிறான். அந்த ஊர் அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் தரவேண்டிய அவசியம் இல்லை. அவன் கேட்கப்போவதும் இல்லை.

இந்தக் கரைகளுக்கு வந்தவர்கள் எப்போதும் இப்படி வரவில்லை. இப்ன் பதூதா 1344-ஐ ஒட்டி இலங்கையிலிருந்து புறப்பட்டு, கப்பல் சிக்கலில் மாட்டி, மாபார் என்று அராபியர் அழைத்த நம் கிழக்குக் கரையில் ஒதுங்கினார். அவர் கையில் திரும்பும் டிக்கெட் இல்லை. கரையில் யார் இருந்தார்களோ அவர்கள் தயவில் நின்றார். மதுரை சுல்தான் தன் மைத்துனி புருஷன் என்பது பிறகு உதவிற்று, அது வேறு. அவரை உதாரண புருஷராக நிறுத்த நான் இதைச் சொல்லவில்லை. அந்த சுல்தான் செய்த கொடுமைகளைப் பார்த்துக்கொண்டு அந்த அரண்மனைச் சோற்றைச் சாப்பிட்டவர்தான் அவர். சொல்ல வருவது இவ்வளவுதான்: அன்று கரை ஏறுகிறவனிடம் கரைக்கு ஒரு அதிகாரம் இருந்தது. வா என்றும் சொல்லலாம், போ என்றும் சொல்லலாம், இரு என்றும் சொல்லலாம். இந்த மூன்றாவது சொல்தான் பயங்கரம். இரு என்று கரை சொல்லக்கூடும் என்ற பயம் இருந்தவரைக்கும் வருகிறவன் கரையைக் கவனித்துப் பார்த்தான்.

அந்தப் பயம் எல்லோருக்கும் சமமாகப் போய்விடவில்லை. இதற்கு நான் தூரத்துக்குப் போகவேண்டியதில்லை, மண்டபம் வரைக்கும் போனால் போதும். 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி ரயிலும் வந்தன. எழும்பூரில் ஏறியவன் தனுஷ்கோடி கப்பல் துறையில் இறங்கி, இர்வின் அல்லது கோஷன் என்று பெயர் வைத்த கப்பலில் இருபத்திரண்டு மைல் கடல் தாண்டி, தலைமன்னாரில் கொழும்பு ரயிலைப் பிடிப்பான். போட் மெயில் என்ற சொல்லை எங்கள் ஊர்க் கிழவர்கள் இன்னமும் ஒரு அந்தஸ்தோடுதான் உச்சரிக்கிறார்கள். அதே ரயில் பாதையில், பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபத்தில், இலங்கை அரசாங்கம் நடத்திய ஒரு முகாம் இருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலிகளை அங்கே நிறுத்தி, குளிக்க வைத்து, துணியை வேக வைத்து, அம்மையும் காலராவும் இல்லை என்று தெரியும் வரைக்கும் நாள் கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். கழுத்தில் அல்லது கையில் ஒரு தகரத் துண்டு, அதில் தோட்டத்தின் எண். அதுதான் டிக்கெட். போவதற்கு மட்டும்.

ஒரே தண்டவாளம், ஒரே கப்பல் துறை, ஒரே இருபத்திரண்டு மைல். மேல் வகுப்புப் பிரயாணிக்கு அது மாலைக் காற்று. தகரத் துண்டுக்காரனுக்கு அது ஜன்மம் மாறுவது. இரண்டு பேரும் தலைமன்னார் என்ற அதே சின்னத் துறைமுகத்தில்தான் இறங்கினார்கள். ஒரே ஊரில் இறங்கினார்கள் என்று சொல்ல முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

1964 அக்டோபர் 30-ம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, பாக்கி ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. இரண்டு மாதம் முடிவதற்குள், டிசம்பர் 22-ம் தேதி இரவு, புயல் தனுஷ்கோடியைத் தின்றது. பாம்பனிலிருந்து போன ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். துறை ராமேஸ்வரத்துக்கு மாறியது. பாட்டன் போன கடல் வழியாகப் பேரன் திரும்பினான், மறுபடியும் போகிற டிக்கெட்டோடு மட்டும். இந்தத் தடவை எதிர்த்திசையில். திரும்பியவர்களையும் மண்டபம்தான் வாங்கிக்கொண்டது. 1983-க்குப் பிறகு அகதிகளையும் அதுவே. இன்றைக்கும் அங்கே முகாம் இருக்கிறது. 2022 மார்ச்சில், இலங்கையில் அரிசியும் மண்ணெண்ணெயும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போனபோது, குழந்தைகளோடு வந்தவர்களைத் தனுஷ்கோடிக்கு எதிரே ஒரு மணல் திட்டில் படகுக்காரன் இறக்கிவிட்டுப் போனான். கடலோரக் காவல் படை போய் எடுத்து வந்தது. அதற்கு மூன்று மாதத்துக்குள் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் உல்லாசக் கப்பல் கிளம்பிற்று. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒருவர் சொல்லலாம். சம்பந்தம் இல்லாமல் இருப்பதற்கு எவ்வளவு ஏற்பாடு தேவைப்படுகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

கரை ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இன்னும் சில இடங்களில் பிழைத்திருக்கிறது. இதே கப்பலை 2022 ஜூனில் புதுச்சேரி உள்ளே விடவில்லை, கப்பலில் சூதாட்டம் உண்டு என்ற ஆட்சேபத்தின் பேரில். காரணம் எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. ஆனால் ஓர் ஊர் ஒரு கப்பலைப் பார்த்து இல்லை என்று சொன்னது ரசித்தது. அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் பார் ஹார்பர் என்று ஐயாயிரம் சொச்சம் பேர் குடியிருக்கும் கடற்கரை ஊர். 2022 நவம்பரில் ஓட்டுப் போட்டு, கப்பலிலிருந்து ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்குமேல் இறங்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். வழக்கு நடந்தது, தீர்மானம் நின்றது. எண்ணிக்கை முக்கியமில்லை. கதவு அவர்கள் வீட்டுக் கதவு என்பது முக்கியம்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஹைட்டி. இந்தக் கப்பலை நெடுங்காலம் வைத்திருந்த ராயல் கரீபியன் கம்பெனி, ஹைட்டியின் வடகரையில் லபடீ என்ற இடத்தைக் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டு வைத்திருந்தது. 2010 ஜனவரி 12-ல் பூகம்பம் வந்து போர்ட்-ஓ-பிரின்ஸ் மண்ணோடு மண்ணாயிற்று. மூன்று நான்கு நாளைக்குள் கப்பல் வழக்கம்போல் லபடீயில் வந்து நின்றது. பயணிகளில் சிலர் இறங்கி வெயில் காய்ந்தார்கள், சிலரால் இறங்க முடியவில்லை. கப்பலில் நிவாரணப் பொருளும் வந்தது, வேலியோரம் கடை வைத்தவர்களுக்கு வியாபாரமும் நடந்தது என்று கம்பெனி சொன்னது. இரண்டும் நிஜம். அப்படியும் அந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அருவருப்பு வருகிறது. இறங்க முடியாமல் கப்பலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்மேலும் மரியாதை வரவில்லை. இறங்காமல் இருப்பதும் மேல்தளத்தில் கிடைக்கிற ஒரு சௌகரியம்தான்.

காங்கேசன்துறைக்கு வருகிறேன். அங்கே ‘வேண்டாம்’ என்றோ ‘வாருங்கள்’ என்றோ சொல்ல வேண்டியவர் யார்? 1990-ல் கதவைச் சாத்திக்கொண்டு போனவர். அவர் சில மைல் தூரத்தில் முகாமில், உறவுக்காரர் வளவில், கொழும்பில், லண்டனில், டொரண்டோவில், அல்லது எங்கள் மண்டபத்தில் இருந்தார். போர் 2009-ல் முடிந்தது. காணிகள் துண்டு துண்டாகத் திரும்பின. மயிலிட்டித் துறைமுகம் 2017-ல்தான் மீனவர்கள் கைக்கு வந்தது. வலிகாமம் வடக்கில் ஒரு பகுதி நிலம் இதை எழுதும்போதும் ராணுவத்திடம் இருக்கிறது. போர் முடிந்த கொஞ்ச காலத்திலேயே காங்கேசன்துறைக் கடற்கரையில் ராணுவம் ஒரு விடுதி நடத்தத் தொடங்கிற்று, உல்லாசப் பயணிகளுக்காக. விருந்தாளி படுத்துக்கொள்ளலாம், வீட்டுக்காரன் வரக் கூடாது. இதை எழுத்தாளர்கள் யாரும் கற்பனை செய்யவில்லை.

இந்த இடத்தில்தான் நண்பரின் கேள்விக்கு ஒரு பதில் புலப்படத் தொடங்குகிறது. உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். ஆருத்ராவை ஒட்டி மட்டும் சந்தனத்தைக் களைகிறார்கள். ஐந்தடிக்கு மேற்பட்ட பச்சைத் திருமேனியில் விளக்கு வெளிச்சம் விழுந்து ஊடுருவி நிற்பதை அன்றைக்குப் பார்க்கலாம். களைந்த சந்தனத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஜனங்கள் போகிறார்கள். விடிவதற்குள் மறுபடியும் காப்பு. ஒலியின் அதிர்வுகூட அந்தக் கல்லுக்கு ஆகாது, அதனால் மூடி வைத்தார்கள் என்று சொல்வார்கள். எது எப்படியோ, கோயிலுக்கு எதிர்த்த வீட்டில் எண்பது வருஷம் இருந்தவனும் மற்ற நாட்களில் சந்தனத்தைத்தான் பார்க்கிறான். மறைப்பதானால் பக்கத்திலிருப்பவனுக்கும் சேர்த்து மறைக்கிறார்கள், திறப்பதானால் அவனுக்கும் சேர்த்துத் திறக்கிறார்கள். காங்கேசன்துறையில் மறைப்பு பக்கத்திலிருந்தவனுக்கு மட்டும்; திறப்பு தூரத்திலிருந்து வந்தவனுக்கு முதலில். நண்பரின் அரை நிமிஷத்துக்கும் பகல் முழுக்கவும் உள்ள வித்யாசம் இந்த வரிசையில் இருக்கிறது. முறை என்ற சொல்லை நாம் எத்தனை அர்த்தத்தில் வைத்திருக்கிறோம்! தண்ணீருக்கு முறை வைக்கிறோம், உறவுக்கு முறை சொல்கிறோம், செய்வதற்கு ஒரு முறை உண்டு என்கிறோம், முறையிடவும் செய்கிறோம். கரையிறங்குவதிலும் அந்த அர்த்தமெல்லாம் இருக்கிறது. முதல் முறை யாருடையது என்பது கேள்வி.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும், பொய்யும் சேர்ந்துவிடும். மறைப்பு எல்லோருக்கும் சமம் என்பது 1939-க்குப் பிறகு பிறந்தவன் சொல்லக்கூடிய வசனம். அந்த வருஷம் ஜூலையில்தான் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஹரிஜனங்களை அழைத்துக்கொண்டு போனார். மாகாணம் முழுவதற்குமான சட்டம் 1947-ல். அதற்குமுன் நம் பெரிய கோயில்களின் வாசலோடு நிறுத்தப்பட்டவனுக்குச் சந்தனமும் தெரியாது, மரகதமும் தெரியாது. காசியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்த யாத்ரீகன் உள்ளே போவான். மதிலுக்கு வெளியே பரம்பரையாகக் குடியிருந்தவன் போக முடியாது. ஆகவே தூரத்து ஆளுக்கு முதல் திறப்பு, பக்கத்து ஆளுக்கு மறைப்பு என்பதை ராணுவமோ கப்பல் கம்பெனியோ கண்டுபிடிக்கவில்லை. நாமே நெடுங்காலம் நடத்திப் பழகியதுதான். மண் முந்தியோ மங்கை முந்தியோ என்று எங்கள் ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். மண்ணில் வேலை செய்தவன் முந்தியோ, மங்கை வாசலில் வந்து நின்றவன் முந்தியோ என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

அந்த மரகதம் வந்த கதையில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. மண்டபத்துப் பக்கம் மரைக்காயர் என்ற ஏழை மீனவர் புயலில் திசை தப்பிப் போய், பாசி பிடித்த பாறையில் படகு மோதி, அதன் துண்டுகளைப் படகில் போட்டுக்கொண்டு பல நாள் கழித்து வீடு திரும்பினாராம். கல்லை வாசலில் படிக்கல்லாகப் போட்டு வைத்தார். வருகிறவர் போகிறவர் கால் பட்டுப் பாசி தேய்ந்து, ஒரு நாள் வெயிலில் பச்சையாக மின்னிற்று. பிறகு பாண்டிய ராஜா, சிற்பி, நடராஜர். சரித்திரம் என்று இதைச் சொல்லவில்லை, ஊரில் சொல்லும் கதை. எல்லோரும் நடராஜருக்கு அவசரமாகப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் படிக்கல் நாட்கள் போதும். யார் வீட்டுக்குள் போனாலும் அதை மிதித்துத்தான் போக வேண்டியிருந்த நாட்கள்.

இனி நம்மைப் பற்றி. இந்தப் பத்திரிகையைப் படிக்கிற இருநூறு முந்நூறு பேருக்குள் இதைச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தனுஷ்கோடியைப் பற்றி நாம் எழுதிய கவிதைகளை ஒரு நாள் உட்கார்ந்து வரிசையாகப் படித்துப் பார்த்தேன். இடிந்த தேவாலயம், உப்புக் காற்று, தண்ணீர்த் தொட்டி, மணலில் புதைந்த தண்டவாளம், கடைசியில் காலம் அல்லது மௌனம். அதில் உயிரோடு ஒருவர் இல்லை. அங்கே குடிசை போட்டுக்கொண்டு, கரைவலை இழுத்துக்கொண்டு, சங்கு மாலை விற்றுக்கொண்டு, ஊற்று தோண்டி நல்ல தண்ணீர் எடுத்துக்கொண்டு ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் கவிதைகளின் காட்சிக்கு இடைஞ்சல். ஆகையால் கவிஞர் அவர்களைக் காலி செய்துவிட்டு எழுதுகிறார். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் சாலை வந்தபின் வருகிற வேன் பயணிகளாவது அவர்களிடம் பொரித்த மீன் வாங்கித் தின்று பேரம் பேசுகிறார்கள். நவீன கவி பேரம்கூடப் பேசுவதில்லை. சிதைவை ஓர் அனுபவமாக எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஊர் திரும்பிவிடுகிறார். நம் படைப்புப் பிரக்ஞையில் பெரும் பகுதி இந்த உல்லாசக் கப்பலின் மேல்தளத்திலிருந்து வந்ததோ என்று சில சமயம் தோன்றுகிறது. ஈழத்தைப் பற்றி இங்கிருந்து எழுதப்பட்டவற்றில் எவ்வளவு தேறும் என்பதையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். நான் இங்கே பார்க்கப்போவதில்லை, இடம் போதாது, நண்பர்களும் குறைந்துபோவார்கள்.

அப்படியானால் போகாமல் இருப்பதா? சில காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டு, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். இது உல்லாசக் கப்பல் இல்லை, பெட்டி படுக்கையோடு போய்வருகிற கப்பல். இறங்குகிறவன் அந்த ஊரில் படுக்க ஓர் இடம் தேட வேண்டும், சாப்பாட்டுக்குக் கடை தேட வேண்டும். அந்த அளவுக்காவது ஊரிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது. இது ஒரு பெரிய வித்யாசம் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் இதிலும் எனக்கு இரண்டு பக்க டிக்கெட். மண்டபம் முகாமில் எனக்குத் தெரிந்த ஒருவர், காங்கேசன்துறைக்காரர், 1990-ல் மன்னார் வழியாகப் படகில் வந்தவர், அவருக்கு அது கிடையாது. பாஸ்போர்ட் இல்லை. போவதென்றால் பதிவை ரத்து செய்துகொண்டு ஒரேயடியாகப் போகலாம். மகளையும் பேரக் குழந்தைகளையும் இந்தப் பக்கம் விட்டுவிட்டு. பாட்டன் காலத்துத் தகரத் துண்டு, எழுத்து மட்டும் மாறியிருக்கிறது.

என் தத்துவ விசாரத்தையெல்லாம் ஒரு நாள் அவரிடம் சொன்னேன். வீட்டுக்காரன் பார்க்காத ஊரை விருந்தாளி போய்ப் பார்ப்பது முறையா என்று நான் விஸ்தாரமாக ஆரம்பித்ததை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வயதில் என்னைவிடப் பத்து வருஷமாவது மூத்தவர். முப்பது வருஷத்துக்குமேல் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தும் பேச்சு அவரிடம் அப்படியே இருக்கிறது. ‘தம்பி, உதெல்லாம் எனக்கு விளங்கேல்லை. நீங்கள் போறியளோ இல்லையோ?’ என்றார்.

‘போகலாமா என்றுதான் யோசிக்கிறேன் அண்ணை.’

‘போறதெண்டால் ஒரு வேலை இருக்கு. எங்கட கிணறு கிடக்கோ எண்டு ஒருக்கால் பாத்துக்கொண்டு வாங்கோ.’

இதை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் முறை அவருடையது என்று நான் தீர்மானித்து வைத்திருந்தேன். அவர் அந்த முறையை என் கையில் கொடுத்து வேலையாக மாற்றிவிட்டார். உல்லாசக் கப்பலில் போய்வந்த நண்பரை நினைத்துக்கொண்டேன். அவரிடம் யாரும் ஒரு வேலையும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருந்தாலும் பஸ் அந்தப் பக்கம் போயிருக்காது. வீடு இருக்காது, அது எனக்குத் தெரியும் என்றார் அண்ணை. கூரை, ஜன்னல், நிலை எல்லாம் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள், மரங்களும் நம்பிக்கையில்லை. கிணற்றைக் கழற்ற முடியாது, மூடியிருக்கலாம். மூடியிருந்தால் மூடியிருக்கிறது என்று வந்து சொன்னால் போதும்.

அடையாளம் கேட்டேன். பேரக் குழந்தையின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அவரே கோடு போட்டுக் காட்டினார். ஸ்டேஷனில் இறங்கி கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கீரிமலை ரோட்டில் நடக்க வேண்டும். சிமெண்டு ஆலைப் புகைபோக்கி நின்றால் அதைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஒழுங்கை இப்போது பற்றையாகத்தான் இருக்கும், ஆனால் மூலையில் வைரவர் சூலம் ஒன்று கல்லில் நட்டிருந்தது. அதிலிருந்து உள்ளே எண்பது தொண்ணூறு அடி. சுண்ணாம்புக் கல்லில் வெட்டிய கிணறு, துலா இல்லை, கப்பி. கட்டின் உள்பக்கம், கிழக்கே பார்த்து, கட்டி முடித்த வருஷத்தை ஈரச் சீமெந்தில் அவருடைய தகப்பனார் ஆணியால் எழுதியிருக்கிறார். நாலு எண்ணில் கடைசி எண் மட்டும் தலைகீழாக விழுந்திருக்குமாம்.